கேள்வி-பதில்: திருச்சி ஜெயிலின் மதிலுக்குப் பின்னால்

சென்ற இதழில் திருச்சி மத்திய சிறையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பாபநாசம் வட்டாரத்திலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க ஜெயில்தான்.

எங்கள் ஊரில் யாரையாவது ரிமாண்ட் செய்தால் ‘திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்’ என்கிறார்கள். சோழன் ஆண்ட தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜெயில் கூடவா இல்லை? (வாசகர், பாபநாசம்)

சோழன் கட்டாததை வெள்ளைக்காரன் கட்டினான். அதையும் நமக்கு எது வசதி என்று பார்த்துக் கட்டவில்லை. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பைத் தொடர்ந்து அமைந்த சிறைக் குழு 1838இல் ஒரு யோசனை சொன்னது: ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஜெயில் வேண்டாம், பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரு பெரிய மத்திய சிறை போதும். அந்த யோசனை கல்லும் சுண்ணாம்புமாக எழும்ப இன்னும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆனது. இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டு என்று அச்சடித்த சட்டம் வந்துவிட்டால், அத்தனை ஆண்டும் ஆளை வைத்திருக்க இடம் வேண்டுமல்லவா? பழைய மாவட்டச் சிறைகளில் காலராவும் பேதியும் கைதிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. 1864இல் அமைந்த குழு, ஒரு கைதிக்கு 54 சதுர அடியாவது இடம் வேண்டும் என்றது. திருச்சி, சேலம், கடலூர் சிறைகளெல்லாம் அந்தப் பத்தாண்டில் எழுந்தவைதான். கோயம்புத்தூர் 1872. வேலூர் இவற்றுக்கெல்லாம் மூத்தது.

நாகப்பட்டினத்தில் கிளம்பிய ரயிலும் அதே 1862இல் திருச்சி போய்ச் சேர்ந்தது. டெல்டாவின் நெல் போன பாதையிலேயே டெல்டாவின் கைதியும் போனான்.

திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் இருக்கும் வட்டமான பெரிய செங்கல் கட்டடம் அந்தக் காலத்து ஜெயில் என்று என் பேரன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? (ஒரு தாத்தா, பாபநாசம்)

சுவரின் கனத்தைப் பார்த்தால் அவனுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. அது நெற்களஞ்சியம். தஞ்சை நாயக்கர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். அங்கே அடைபட்டது நெல் மட்டும்தான். பேரனை இன்னொரு தடவை அழைத்துப் போங்கள், உள்ளே எவ்வளவு உயரம் என்று அண்ணாந்து பார்க்கட்டும்.

பழைய தமிழ் ராஜாக்கள் காலத்தில் சிறை உண்டா, இல்லை எல்லாவற்றுக்கும் சிரச்சேதம்தானா? (கல்லூரி மாணவி, கபிஸ்தலம்)

உண்டு. அதைப் பற்றிய நம் மிகப் பழைய கதைகளில் ஒன்று உங்கள் காவிரி கடலில் சேரும் இடத்தில் நடக்கிறது. மணிமேகலை காப்பியத்தில் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துக்குள் மணிமேகலை அட்சய பாத்திரத்தோடு போகிறாள். பசித்துக் கிடந்தவர்களுக்கு வயிறார உணவிடுகிறாள். காவலர்கள் ஓடிப்போய் அரசனிடம் சொல்கிறார்கள். அவன் அவளை வரவழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவள் நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். சோழனும் மாற்றித் தருகிறான்.

கைதிகளைப் பற்றி ஒரு பெண் அரசனிடம் பேசி, அரசன் செவிகொடுத்த கதை இது. ஐரோப்பாவில் ஜான் ஹோவார்டு ஒவ்வொரு சிறையாக நடந்துபோய்ப் பார்த்து, சிறைகளின் கேட்டை எழுதியது 1777இல். சிறைச் சீர்திருத்தம் என்றாலே அவர் பெயரில் தொடங்கும் நம் பாடநூல்களில் மணிமேகலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். நீங்கள் படிப்பது சட்டமோ சமூகப்பணியோ தெரியவில்லை. எதுவானாலும் அந்தக் காதையை ஒரு முறை மூலத்திலேயே வாசியுங்கள்.

திருச்சி ஜெயிலில் இருந்த பெரிய மனிதர்கள் யார் யார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், அய்யம்பேட்டை)

1930இல் ராஜாஜி. ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். 30ஆம் தேதி கைதானார். ஆறு மாதத் தண்டனை. நடக்கத் தொடங்கிய ஊரிலேயே சிறைவாசம். 1953இல் கல்லக்குடிப் போராட்டத்தில் கைதான மு. கருணாநிதி. திருக்குவளைக்காரர், உங்கள் டெல்டாப் பிள்ளை. அந்த அனுபவத்தை ‘ஆறுமாதக் கடுங்காவல்’ என்று புத்தகமாகவும் எழுதினார்.

ஆனால் ஐயா, ராஜாஜி நடந்த பாதையில் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட்டிருந்தார். கும்பகோணத்தில் பந்துலு அய்யர் கதவைத் திறந்துவிட்டார், இலை போட்டார், ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனார். உப்பெடுத்தவருக்கும் ஆறு மாதம், சோறு போட்டவருக்கும் ஆறு மாதம்! ராஜாஜியின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. பந்துலு அய்யரின் பெயரைக் கும்பகோணத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தவர், உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

தலைவர்களை விடுங்கள். எங்கள் பக்கத்துச் சாதாரண ஜனங்கள் அந்த ஜெயிலுக்கு எதற்காகப் போனார்கள்? (விவசாயத் தொழிலாளி, அம்மாபேட்டை)

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

உங்கள் தாத்தா காலத்தில் பண்ணையாளுக்கு ஜெயில் இரண்டாவது தண்டனைதான். முதல் தண்டனை பண்ணையிலேயே கிடைத்துவிடும். சாட்டையடி, சாணிப்பால். அதற்கு வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. கம்யூனிஸ்டுத் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகு, 1944ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் அந்தக் கொடுமைகளை நிறுத்துவதாக மிராசுதார்கள் எழுதிக் கொடுக்க வேண்டிவந்தது. பண்ணையில் அடிக்க முடியாது என்று ஆனதும் போலீசும் ஜெயிலும் வந்தன. 1948இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கியபோது அறுவடைக் கூலி கேட்டவனும் கொடி பிடித்தவனும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் களப்பாள் குப்பு என்ற பெயரை மறக்காதீர்கள். சேரியில் பிறந்து, மிராசுதாருக்கு எதிரில் நிமிர்ந்து நின்று பேசியவர். 1948இல் திருச்சி சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அது இயற்கையான சாவு அல்ல என்று அவருடைய தோழர்கள் அன்று முதல் உறுதியாகச் சொல்லிவருகிறார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் பூட்டிய மதிலுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுதந்திர இந்தியா குடியரசாகி மூன்று வாரம் கூட முடியவில்லை.

1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என்று அன்றைய முதலமைச்சர் ராஜாஜியின் பெயர் வரும். சரிதான். ஆனால் அந்தச் சட்டத்துக்கு விலை கொடுத்தவர்கள் திருச்சியிலும் சேலத்திலும் உள்ளே கிடந்தவர்கள். சிறை வரலாறு எழுதுகிறவர்கள் பெரிய பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என்னுடைய தீராத மனக்குறை.

போராட்டத்துக்காக ஜெயிலுக்குப் போய்ப் பிணமாக வந்தவர்கள் நம் மாவட்டத்தில் வேறு உண்டா? (வாசகர், வலங்கைமான்)

உண்டு. கும்பகோணம் தாளமுத்து. 1939 மார்ச்சில் இந்தி எதிர்ப்புப் போராட்டக் கைதியாகச் சென்னையில் இறந்தார். அவருக்கு இரண்டு மாதம் முன்பு நடராசன். சென்னை எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமக் கட்டடத்துக்கு இவர்கள் இருவர் பெயர்தான்: தாளமுத்து நடராசன் மாளிகை. அவர்களை அடைத்துவைத்த சென்னை மத்திய சிறை இன்று இல்லை. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடித்தார்கள்.

இன்னும் இருவர் திருச்சியிலேயே இறந்தார்கள். 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூர் மாநாட்டில் பெரியார், சாதியைக் காக்கும் பிரிவுகளை நீக்காவிட்டால் அரசியல் சட்டத்தைக் கொளுத்துவோம் என்று அறிவித்தார். அவசர அவசரமாகச் சட்டசபையில் மூன்றாண்டுத் தண்டனைக்குச் சட்டம் போட்டார்கள். அப்படியும் நவம்பர் 26 அன்று கொளுத்தினார்கள். சுமார் 3,000 பேர் சிறை போனார்கள். பெரும்பாலோர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராத கிராமத்துக்காரர்கள். 1958 மார்ச்சில் பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி இருவரும் சிறைவாசத்திலேயே அடுத்தடுத்து இறந்தார்கள். உடலைக்கூடத் தராமல் சிறைக்குள்ளேயே புதைத்தபோது பெரியாரின் மனைவி மணியம்மையார் சென்னைக்கு ஓடினார். முதலமைச்சர் வரை முறையிட்டுத் தோண்டியெடுக்க வைத்து வாங்கிவந்தார். திருச்சித் தெருக்களில் அந்த ஊர்வலம் போனது. அந்தக் கொள்கையில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செத்தவன் உடலை அவன் வீட்டாரிடம் ஒப்படைக்க மறுப்பது எந்தக் கொள்கைக்கும் அடங்காத அநீதி.

ஜெயிலில் இன்னும் களிதானா? (குடும்பத் தலைவி, மெலட்டூர்)

இல்லையம்மா. சோறு, குழம்பு, முட்டை, கோழிக்கறி வரை வந்துவிட்டது. பேச்சில் மட்டும் களி மாறவில்லை.

களியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1877 தாது வருஷப் பஞ்சத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைத்தார். நாளெல்லாம் கல்லுடைத்த ஆளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் மேற்கொண்டு ஓர் அணாவும்தான். சிறைக் கைதிக்கு அளந்த உணவைவிட இது குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது பட்டினிக் கூலி என்று கணக்கோடு எதிர்த்து நின்றார். கைதியைவிடக் குறைவாகத் தின்றவன் குற்றம் எதுவும் செய்யாதவன்.

‘ஏ கிளாஸ்’ கைதி என்கிறார்களே, ஜெயிலிலும் ரயில் மாதிரி வகுப்பா? (மாணவர், ராஜகிரி)

ஆமாம். லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பரில் இறந்தார். கேட்டது அரசியல் கைதிகளுக்கு மனித மரியாதை. 1930இல் வெள்ளை அரசாங்கம் கொடுத்தது ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. படிப்பும் வசதியும் உள்ளவனுக்கு ஏ கிளாஸ். ஒரே மேடையில் ஒரே முழக்கம் போட்டுக் கைதான இருவரில் வக்கீலுக்குக் கட்டில், குடியானவனுக்குப் பாய். தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சிறை விதிகளிலும் ஏ, பி என்று இரண்டு வகுப்பு நீடித்தது. குற்றத்தைப் பார்த்துப் பிரித்தால் புரிந்துகொள்ளலாம். அந்தஸ்தைப் பார்த்துப் பிரிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜாதி? (பெயர் வேண்டாம், சாலியமங்கலம்)

ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள். பாளையங்கோட்டைச் சிறையில் ஜாதிவாரியாகத் தனித்தனி பிளாக்குகள் இருந்ததாக வழக்கே போட்டார்கள். மோதல் வராமல் தடுக்கத்தான் என்ற அரசுத் தரப்பின் விளக்கத்தை உயர் நீதிமன்றம் அன்று ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இன்ன ஜாதி சமைக்கணும், இன்ன ஜாதி கக்கூஸ் கழுவணும் என்று பல மாநிலச் சிறை விதிகளில் இருந்தவற்றை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அடித்தது. கைதிப் பதிவேட்டில் ஜாதிக்கென்று இருக்கும் கட்டத்தையே நீக்கச் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்து விதிகளின் வழிவந்த இந்த ஏற்பாட்டை ஒழிக்க, சுதந்திரத்துக்குப் பிறகு நமக்கு 77 வருஷம் தேவைப்பட்டிருக்கிறது.

வேலூர் ஜெயிலில் புலிகள் சுரங்கம் தோண்டித் தப்பினார்களாமே? (வாசகர், பண்டாரவாடை)

ஜெயில் அல்ல, கோட்டை. 1995 ஆகஸ்டில் 43 பேர் தப்பியது வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில் இருந்த முகாமிலிருந்து. வேலூர் மத்திய சிறையிலிருந்து தப்பியவர் வேறொருவர்: 1941இல் கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன்.

தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு? (வாசகர், சுவாமிமலை)

1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறை, ஆட்டோ சங்கர். அதுவே கடைசியாக இருக்கட்டும்.

ஜெயில் என்றதும் உங்கள் மனதில் வரும் முகம் யாருடையது? செக்கிழுத்த வ.உ.சி.யா? (வாசகி, சுந்தரப்பெருமாள்கோயில்)

வ.உ.சி.யை யார் மறக்க முடியும்! 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை, கோவையில் செக்கு, பிறகு கண்ணனூர். அங்கே உடன் இருந்த கைதிகளுக்கு நல்லது சொல்ல ‘மெய்யறம்’ எழுதினார்.

ஆனால் எனக்கு முதலில் வரும் முகம் அற்புதம்மாளுடையது. 1991 ஜூனில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அவருடைய 19 வயது மகன் பேரறிவாளனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். 2022 மே 18 அன்று விடுதலை. இடையில் 31 வருஷம் அந்தத் தாய் பஸ் ஏறி, மனு எழுதிக் கொடுத்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஜெயிலின் வரலாற்றில் வெளியே காத்திருந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

விடுதலையான பிறகும் திருச்சி ஜெயிலுக்கே கொண்டுவந்தார்களே சாந்தனை, அது என்ன நியாயம்? (வாசகர், திருக்கருகாவூர்)

நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மீதி ஆறு பேரை விடுவித்தது. அவர்களில் நால்வர் இலங்கைக் குடிமக்கள். சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோரைத் திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள ‘சிறப்பு முகாமில்’ கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு மதிலைத் தாண்டி இன்னொரு மதிலுக்குள். தாயைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த சாந்தன் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தார். யாழ்ப்பாணத்துக்கு உடல்தான் போனது. மற்ற மூவரை ஏப்ரலில் அனுப்பினார்கள்.

இலங்கைப் பக்கமும் பார்ப்போம். கொழும்பு வெலிக்கடைச் சிறை 1841இல் கட்டியது, இன்றும் நடக்கிறது. 1983 ஜூலை 25 அன்று 35 தமிழ்க் கைதிகள், 27 அன்று இன்னும் 18 பேர், குட்டிமணியும் தங்கத்துரையும் ஜெகனும் உட்பட 53 பேரை உள்ளேயே மற்றக் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொன்றார்கள். காவலில் இருந்தவர்கள் தடுக்கவில்லை. ஒருவர்கூட அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. 2012 நவம்பரில் அதே சிறையில் கலவரம், 27 கைதிகள் பலி. அரசு ஒருவனைப் பூட்டிவைக்கும்போது அவன் உயிருக்கும் அரசுதான் பொறுப்பு. முதல் படுகொலைக்கு அந்தப் பொறுப்பை யாரும் ஏற்காததால்தான், அதே மதிலுக்குள் இரண்டாவதும் நடக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

கோயம்புத்தூர் ஜெயிலை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு அங்கே பூங்கா என்கிறார்கள். திருச்சியையும் அப்படிச் செய்யலாமே? (வாசகர், பாபநாசம்)

கோவைச் சிறையைக் காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு மாற்றும் திட்டம் நடக்கிறது. செம்மொழிப் பூங்கா சிறை நிலத்தில்தான் வந்தது. பூங்கா நல்லதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிறை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் மனு பார்க்க வருகிற தாயும் போக வேண்டும். பாபநாசத்திலிருந்து திருச்சிக்குக் காலை ரயிலில் போய், பார்த்துவிட்டுப் பொழுதுசாயத் திரும்பலாம். நகரத்துக்கு வெளியே, பஸ் இல்லாத இடத்தில் போட்டால் அந்த ஒரு நாள் கூலியோடு ஆட்டோ வாடகையும் சேரும். புதுக் கட்டடம் வேண்டும். கழிப்பறையும் காற்றும் இடமும் வேண்டும். அதைக் கைதிக்காகக் கட்டுங்கள், நிலத்தின் விலைக்காகக் கட்டாதீர்கள்.

உள்ளே இருப்பவர்களெல்லாம் குற்றவாளிகள்தானே, இவர்களுக்காக ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள்? (வாசகர், அய்யம்பேட்டை)

எல்லோரும் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேரை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்த்திருக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் வீட்டுத் துயரம் எனக்குத் தெரியாதது அல்ல. அவர்களுக்கும் சீக்கிரம் தீர்ப்புத்தான் வேண்டும். தாமதம் இரண்டு வீட்டையும் சேர்த்தே வதைக்கிறது.

என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் கேட்கிறார்கள், எங்களுக்குச் சொத்துக்காரர் யாரையும் தெரியாது. அவன் இன்னும் திருச்சியில்தான் இருக்கிறான். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், கபிஸ்தலம்)

அம்மா, இன்றைக்கே செய்யுங்கள். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்காகவே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கொடுத்து ஒரு வாரத்தில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அந்த உத்தரவு ஒப்புக்கொள்கிறது. சட்ட உதவிக்கான எண் 15100, கட்டணம் இல்லை. அதில் பேசுங்கள், அல்லது உங்கள் தாலுக்கா கோர்ட்டுக்குப் போய்ச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேளுங்கள். போகும்போது ஜாமீன் உத்தரவின் நகலும், தம்பியின் கைதி எண்ணும், வழக்கு எண்ணும் கையில் இருக்கட்டும். வக்கீல் இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.